காஸ்பாரேக்குக் கிடைத்த அணி

புரூக்ளினின் பதினெட்டாம் அவென்யூவில் காஸ்பாரே லிகாட்டாவைத் தெரியாதவர்கள் ஒரு காலத்தில் கிடையாது. சிறு வயதில் சிசிலியிலிருந்து வந்து, அந்த வட்டாரத்துப் பாதி வீடுகளுக்குச் சுவர் பூசியவர் அவர்தான்.

பிறகு வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. இத்தாலியர்கள் காப்பி குடித்த இடத்தில் சீன பேக்கரி வந்தது. மீன்கடை மீன்கடையாகவே இருந்தது, பெயர்ப்பலகைதான் மாறியது. மகள் நியூ ஜெர்சிக்குக் கூப்பிட்டாள். "அங்க காலாற நடந்து போக ஒரு கடை உண்டா?" என்று கேட்டு மறுத்துவிட்டார்.

அவருக்கு இருந்த ஒரே குறை, பூங்காவில் போச்சே என்னும் இத்தாலியப் பந்தாட்டம் ஆட ஆள் இல்லாததுதான். மண் தடத்தில் முதலில் ஒரு சின்னப் பந்தை உருட்டிவிடுவார்கள். அதை ஒட்டிப் பெரிய பந்தைக் கொண்டுபோய் நிறுத்துபவருக்குப் புள்ளி. கூட ஆடியவர்கள் எல்லாம் ஸ்டேட்டன் தீவுக்குக் குடிபோய்விட்டார்கள். இப்போது அந்தத் தடத்தில் சீனப் பெண்கள் பாட்டுப் போட்டு நடனமாடினார்கள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்தினார். "ஏம்மா, இது டான்ஸ் ஆடற இடமா? மண்ணெல்லாம் குழியாகுது பாருங்க!"

ஆடியவர்களில் ஒருவரான, தையல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சியூலிங் பாட்டை நிறுத்தினார். "நீங்க ஆடி நாங்க பார்த்ததே இல்லையே! தினம் பெஞ்சுல உட்கார்ந்து எங்கள மொறைக்கத்தானே வர்றீங்க?"

"ஆட ஆள் எங்க இருக்கு?"

"நாங்க என்ன மரமா? பந்தக் கொண்டாங்க!"

சியூலிங் எறிந்த முதல் பந்து தடத்தின் ஓரப் பலகையைத் தாண்டிப் போய்ப் புறாக்களைக் கிளப்பியது. காஸ்பாரே தலையில் கை வைத்துக்கொண்டு சிசிலியன் மொழியில் திட்டினார். கோடை முடிவதற்குள் சியூலிங்குக்குக் குறி தப்பாத கை வந்துவிட்டது. கூடவே அந்த வசவுகளும் வந்துவிட்டன.

செப்டம்பரில் ஸ்டேட்டன் தீவிலிருந்து பழைய நண்பர் நுன்சியோ போன் செய்தார். "நாங்க நாலு பேர் ஆட வர்றோம்டா. உன் பக்கம் யாரு, புறாவா?"

"வந்து பாரு."

வந்தவர், காஸ்பாரே பக்கத்தில் மூன்று சீனப் பெண்மணிகள் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். வெகுநேரம் சிரிக்க முடியவில்லை. ஆட்டம் சமநிலைக்கு வந்தது. கடைசிச் சுற்றில் நுன்சியோவின் பந்து சின்னப் பந்தைத் தொட்டபடி நின்றது. காஸ்பாரே தயங்கித் தோளைத் தடவினார்.

"தள்ளுங்க, நான் பார்த்துக்கறேன்," என்றார் சியூலிங்.

பந்தை ஓங்கி எறிந்து அடித்தார். நுன்சியோவின் பந்து தெறித்து ஓடியது; அடித்த பந்து அந்த இடத்திலேயே குந்திக்கொண்டது. சியூலிங் குதித்தபடி முழு சிசிலியன் வசவு ஒன்றை உரக்கச் சொன்னார்.

நுன்சியோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அடப்பாவி, எங்கம்மா என்னைத் திட்டின மாதிரியே இருக்குடா!"

அதன்பின் வாரம் தவறாமல் அவரும் வரத் தொடங்கினார். வசந்தத்தில் இரு தரப்பும் ஒரே அணியாகி நகரப் போட்டிக்குப் போனார்கள். இரண்டாம் சுற்றிலேயே தோற்றார்கள். வீடு திரும்பும் வழியில், யாரால் தோற்றோம் என்று ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்க மூன்று மொழிகளில் சண்டை. நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்த காஸ்பாரே, ஆளுக்கு ஒரு பக்கம் தூபம் போட்டு அதை அணையாமல் பார்த்துக்கொண்டார்.