கீழ்த்தட்டில் கிடந்தவர்

நம்பாதவர்கள் கார்மேகத்தின் வலது கையை முகர்ந்து பார்க்கலாம். சோப்பு, டீசல், எலுமிச்சை என்று எல்லாம் போட்டுத் தேய்த்தாகிவிட்டது. விரலிடுக்கில் அந்த வாடை இன்னும் இருக்கிறது. போன ஆகஸ்டில், துபாய் அல் கூஸில், பட்டப்பகலில் நடந்தது இது.

பரமக்குடிப் பக்கத்துக்காரரான கார்மேகம் அங்கே ஒரு பட்டறையில் சிலை வார்ப்பவர். இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் சர்ச், அறுநூறு வருடப் பழசு. அதன் உட்புறத்தை ஒரு ஹோட்டலுக்காக அப்படியே பிளாஸ்டரில் நகல் செய்துகொண்டிருந்தார்கள். கூரான வளைவுகள், தூண்கள், எண்கோண ஞானஸ்நானத் தொட்டி எல்லாம் முடிந்துவிட்டன. பாக்கி, மேலும் கீழுமாக இரண்டு தட்டுள்ள ஒரு கல்லறை மட்டும். அது முடிந்தால்தான் அவருக்கு லீவு. வியாழக்கிழமை ஊருக்கு டிக்கெட். சனிக்கிழமை மனைவி அருணாவுக்கு ஆபரேஷன்.

அசல் கல்லில் எடுத்த ரப்பர் அச்சுகள் இரண்டு பெட்டிகளில் வந்திருந்தன. முதல் பெட்டியில் கல்லறையின் மேல்தட்டு. ஒரு பாதிரியார் கைகூப்பித் தூங்குவதுபோல் படுத்திருந்தார். இரண்டாவதில் கீழ்த்தட்டு. அதே பாதிரியார்தான், ஆனால் செத்து அழுகி, விலா எலும்பு துருத்தி, வயிற்றில் புழுக்களோடு. பார்ப்பவனுக்குச் சாவு நினைவிருக்க வேண்டுமென்று அந்தக் காலத்தில் அப்படிச் செதுக்குவார்களாம். பட்டறையில் டிராயிங் பார்க்கும் யாழ்ப்பாணத்துத் துஷாந்தன் எங்கோ படித்துச் சொன்னான்.

அந்த இரண்டாம் பெட்டியைத் திறந்தபோதே மூன்று நாள் வெயிலில் கிடந்த மீன்போல ஒரு நாற்றம். அச்சின் உட்புறம் பிசுபிசுத்தது. துடைத்த துணியில் மஞ்சளாக நூல் இழுத்தது. கப்பலில் வந்த சூடு என்றான் துஷாந்தன். கார்மேகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்குப் பிளாஸ்டரை ஊற்றினார்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வெளியே வெயிலில் வேலை நிற்கும் நேரம். தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. கார்மேகம் மட்டும் இருந்தார்.

12:47. ரப்பரை உரித்தார்.

ச்ளக்... என்று வந்தது.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். அரை மணி, முக்கால் மணி. பிறகு ஆறிவிடும். இது ஊற்றி நான்கு மணி நேரம் ஆகப்போகிறது. தொட்டுப் பார்த்தார். காய்ச்சல்காரன் உடம்புபோல் சுட்டது.

வயிற்றில் விரலை வைத்தார். உள்ளே போனது... அழுகிய பப்பாளியில் போவதுபோல.

ஈரம் சேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தார். சிலையின் வாயில் ரப்பர்த் துண்டு ஒன்று மாட்டியிருந்தது. அதை எடுக்க இரண்டு விரல்களை உள்ளே விட்டார்.

அது ரப்பர் இல்லை.

கொழகொழவென்று... புரண்டது.

வாய் மூடியது. பல் இல்லை. ஈறு மட்டும்.

சப்... சப்... சப்...

விரல்களைச் சப்பியது.

இடது கைக்குச் சுத்தியல் கிடைத்தது. அடித்தார். மறுபடி அடித்தார்.

உடைந்தது. உள்ளே வெள்ளை இல்லை. சாம்பல் நிறத்தில் கூழ். மேசையிலிருந்து தரையில் ஒழுகியது.

1:05. துஷாந்தன் வந்தபோது கார்மேகம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணை இது?”

“நான் பிளாஸ்டர்தான் சார் ஊத்துனேன்.”

துஷாந்தன் மூக்கைப் பொத்திக்கொண்டான். இருவருமாக மண்வெட்டியால் வழித்து டிரம்மில் போட்டார்கள். அச்சையும் அதிலேயே போட்டு மூடிக் குப்பைக்கு அனுப்பினார்கள். அச்சு சரியில்லை என்று துஷாந்தனே முதலாளியிடம் பேசி லீவு வாங்கிக் கொடுத்தான். கீழ்த்தட்டுக்கு வேறு அச்சு கேட்டு இங்கிலாந்துக்கும் எழுதினான்.

வியாழக்கிழமை, ஏர்போர்ட்டில் கார்மேகத்துக்குப் போன் வந்தது.

“அண்ணை, பதில் வந்திட்டுது. அவையள் ஒரு பெட்டிதான் அனுப்பினவையாம்.”

“அப்ப ரெண்டாவது?”

“தெரியேல்லை. அந்தக் கல்லறையின்ர கீழ்த்தட்டு வெறுமையாம். அதில கிடந்த சிலையை நானூறு வருசத்துக்கு முதலே உடைச்சு எறிஞ்சிட்டினமாம்.”

கார்மேகம் இருபது வருடமாக அச்சு எடுப்பவர். எதன்மேல் ஊற்றுகிறோமோ அதைத்தான் ரப்பர் காட்டும் என்பது அவருக்குத் தெரியும்.

“அப்ப அந்த அச்சை எது மேல ஊத்தி எடுத்தாங்க, சார்?”

போனில் துஷாந்தன் ஓங்கரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.