மருந்துதானே என்று எழுதாமல் விட்டது

போரின் கடைசி வருடங்களில் என் வயிற்றை நம்பி நான் எங்கும் போனதில்லை. மஹய்யாவையில் வீடு, குண்டசாலையில் கிளார்க் வேலை, நடுவில் ஒரு சோதனைச்சாவடி. பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். சரியாக அங்கேதான் என் வயிறு முறுக்கிப் பிடிக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் வரிசையை விட்டு எதிர்க் கடையின் கழிப்பறைக்கு ஓடினேன். பின்னால் துப்பாக்கி கிளிக்கென்றது. கைகளைத் தூக்கிக்கொண்டு நின்று, அழுது, வயிறு வயிறு என்று கத்திப் பிழைத்தேன். தமிழ்ப் பெயருள்ள அட்டையோடு ஓடுகிறவளை யார்தான் வயிற்று நோய்க்காரி என்று நினைப்பார்கள்?

"வேலைய விட்டுரு. ஒன்னய பொணமாத் தூக்க என்னால ஏலாது" என்றார் கணவர்.

டாக்டர், குடல் எரிச்சல் நோய், யோசிக்காமல் இருங்கள் என்று அனுப்பிவிட்டார். யோசிக்காமல் இருக்கிற காலமா அது?

டவுனில் ஓர் இன்டர்நெட் கடையில் தேடியபோது இதே நோய்க்காரர்களின் குழு அகப்பட்டது. அதில் கடல் தாண்டியிருந்த உணவு ஆலோசகி ஒருவர், வாய்க்குள் போவதையெல்லாம் எழுதி அனுப்பச் சொன்னார். பாண், பருப்பு, சோறு, பிளேன்டீ என்று ஒழுங்காக எழுதினேன். பாண், பருப்பு, வெங்காயத்தை நிறுத்தச் சொன்னார். வலி குறைந்தது. காலையில் மட்டும் அடங்கவில்லை.

புறப்படுமுன் வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு எழுதினார்.

ஒன்றுமில்லை, மருந்து மட்டும் என்றேன்.

என்ன மருந்து?

கணவர் தினமும் வெள்ளைப்பூடு தட்டிப்போட்டு வைக்கும் ரசம். வயிற்றுக்கு நல்லதென்று ஒரு கோப்பை குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். நம் ஆட்களில் யார் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவார்கள்?

அதை நிறுத்திப் பாருங்கள், உங்கள் குடலுக்கு வெள்ளைப்பூடு ஆகாமலிருக்கலாம் என்று பதில் வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அவருக்கு என் முகமே தெரியாது. எங்கள் ரசம் என்ன நிறமென்றும் தெரியாது. இருந்த இடத்திலிருந்தே என் அடுப்படிக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்த்துவிட்டாரே!

கணவரிடம் சொன்னேன். சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தானா?"

"நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றேன்.

ரசத்தை நிறுத்திய அடுத்த வாரம் மறுபடி அதே வரிசை, அதே வெயில். சிப்பாய் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் வயிறு என்னுடையதுதானா என்று சந்தேகப்படும்படி அவ்வளவு அமைதி. கடவுளே என்று வியந்துபோய் நின்றேன்.

மாலையில் வாசலிலேயே கணவர் கேட்டார்: "ஓடினியா?"

"இல்லங்க. நின்னேன்."

அவர் அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.