எப்பவும் எவ்வளவு இருக்கும்?

என் அண்ணியைத் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. கிளிப்பக்கா என்றால்தான் தெரியும். அந்த நோய் வந்த வருஷம் முழுக்க, சுகாதார நிலையத்தில் கொடுத்த விரல் கிளிப்பைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். விரலை நீட்டச் சொல்வார், கிளிப்பை மாட்டுவார். உடம்பில் ஆக்சிஜன் எவ்வளவு ஓடுகிறது என்று அது எண்ணில் காட்டும். நாத்தனார் என்பதால் நான் அண்ணியைப் புகழ்ந்து பேசினால் ஊரே மூக்கில் விரலை வைக்கும். வைக்கட்டும். அவ்வளவு பொறுப்பான மனுஷியை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் கிரஷரை நம்பிப் பிழைக்கிற ஊர். மலையில் வெடி வைத்து, பாறையை உடைத்து, ஜல்லியாக்கி லாரியில் ஏற்றி அனுப்புவது தவிர வேறு வேலை கிடையாது. கொடியில் காய்ந்த துணியை உதறினால் தும்மல் வரும். தண்ணீர்க் குடத்தைத் திறந்து வைத்தால் மேலே மாவு படிந்த மாதிரி இருக்கும். இருமல் இல்லாத வீடே இல்லை. வாசலில் நிற்பது யார் என்று இருமலை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். காலையில் என் அண்ணன் இருமினால், சில வீடு தள்ளி இருக்கிற டிராக்டர்க்காரர் "கிளம்பிட்டார்யா" என்று தானும் செருப்பை மாட்டுவார்.

இந்த லட்சணத்தில் "இருமல் இருக்கா?" என்று வீட்டுக்கு வீடு கேட்டு வரச் சொல்லிச் சுகாதார நிலையத்திலிருந்து அண்ணியை அனுப்பினார்கள். ஜனங்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அதற்குப் பிறகுதான் அந்தக் கிளிப்பு வந்தது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் பயமில்லை, தொண்ணூறுக்குக் கீழே போனால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். அண்ணியும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு வந்தார்.

முதல் நாளே கணக்கு உதைத்தது. கிரஷரில் வேலை செய்கிற ஆண்களில் ஒருவருக்குக்கூடத் தொண்ணூறு வரவில்லை. எண்பத்தொன்பது, எண்பத்தேழு, எண்பத்தெட்டு என்றே வந்தது. அண்ணி பாதித் தெருவுக்கு வண்டி கூப்பிட்டார். வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. சாயங்காலமே எல்லோரும் ஒரே லாரியில் தொற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஓசியில் ஊர் சுற்றிவிட்டு வந்தோம் என்று ஒரே கும்மாளம். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து அண்ணியைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். உங்கள் ஊரில் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கிறது, இங்கே நிற்கக்கூட இடமில்லை, நிஜமாகவே முடியாதவர்களை மட்டும் அனுப்புங்கள் என்றார்கள். ஒரு ஊருக்கே ஏன் இப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

அன்றிலிருந்து அண்ணி தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டார். யாருக்கு எப்போதும் எவ்வளவு இருக்கும் என்று மனசில் பதித்துக்கொள்வார். அதிலிருந்து ரொம்ப இறங்கினால்தான் கவலை. டிராக்டர்க்காரருக்கு எண்பத்தொன்பது. லாரியடியில் சிந்தின ஜல்லியைக் கூட்டுகிற எனக்குத் தொண்ணூற்றிரண்டு. அண்ணனுக்கு எண்பத்தெட்டு. தெருவில் இருந்த பீதி அடங்கியது. அடங்கியதோடு நின்றதா? டீக்கடையில் அது பெருமையாகிவிட்டது. எண்பத்தேழை வைத்துக்கொண்டே முழு லோடு ஏற்றுகிறேன், எண்பத்தொன்பது இருக்கிற உனக்கு என்ன கேடு என்று ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்கள். எண் குறையக் குறைய ஆள் பலசாலி என்று ஆகிவிட்டது. அண்ணன் தினமும் விரலை நீட்டிவிட்டு, மூச்சு விடுவதற்கும் பொண்டாட்டியிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அங்கலாய்ப்பார். அண்ணி வெட்கத்தோடு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அவர் அப்படிச் சொல்வது.

அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. லேசாகத்தான். வெடி வைத்த இடத்தில் வெயிலில் நின்றதால் என்று அவரே முடிவு கட்டினார். கிளிப்பு எண்பத்தைந்து காட்டியது. மூன்றுதானே குறைந்திருக்கிறது என்று அண்ணி கஞ்சி வைத்துக் கொடுத்தார். மறுநாளும் அதேதான். அதற்கு அடுத்த நாள் காலையில் நான் போனபோது அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அவர் கிண்டலைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. கிளிப்பு எழுபத்தைந்து என்றது.

அண்ணி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னார். உங்கள் ஊரில் எப்போதும் குறைவாகத்தானே இருக்கும், முதலில் நன்றாகப் பாருங்கள் என்றார்கள். அண்ணி கத்தவில்லை. இத்தனை நாள் தெருவில் தான் சொல்லிவந்த பேச்சுதான் தனக்கே திரும்பி வந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் டிராக்டர்க்காரரை எழுப்பினேன். அவர் கிரஷர் முதலாளியின் வேனைக் கேட்டு வாங்கி வந்தார். ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து அண்ணனை ஏற்றினோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயிலும் பெஞ்சிலுமாக ஜனம். உள்ளே ஒரு கட்டில் அப்போதுதான் காலியானது. ஆக்சிஜனை அழுத்தமாகத் தருகிற மெஷின் வைத்த கட்டில். அடுத்தடுத்து வந்து நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அண்ணன். இன்னொருவர் பஸ் கண்டக்டர், அவருடைய மனைவி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும்.

டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. கண் சிவந்து, நிற்கவே தெம்பில்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் விரலையும் பார்த்தார். கண்டக்டர் மனைவியிடம் முன்பு ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டார். ஒரு தலைவலிகூட வந்தது கிடையாது என்றாள் அவள். பிறகு அண்ணியிடம் திரும்பினார்.

"எப்பவும் எவ்வளவு இருக்கும்மா?"

இது அண்ணிக்குத் தெரிந்த கேள்வி. ஊரில் ஒவ்வொருவருக்கும் அவர் மனசில் வைத்திருந்ததே இந்தப் பதிலைத்தானே. முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"எண்பத்தெட்டுதாங்க டாக்டர். கல்யாணம் ஆனதிலேர்ந்து கிரஷர்லதான். அந்த எண்பத்தெட்டை வெச்சுக்கிட்டே பாறையைப் புரட்டுவாரு. ரொம்பத் தெம்பான ஆளுங்க. கொஞ்சம் காத்து குடுத்தீங்கன்னா போதும், எந்திரிச்சு உக்காந்துடுவாரு."

நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். இவ்வளவு பலமான ஆள் கண்டிப்பாகப் பிழைத்துக்கொள்வார், இவருக்குக் கொடுத்தால் வீண் போகாது என்று டாக்டருக்குப் புரிய வைப்பதாகத்தான் நாங்கள் நினைத்தோம். அங்கே அந்த எண்ணுக்கு வேறு அர்த்தம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

டாக்டரம்மா கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணியின் கையைத் தொட்டார்.

"அவர் நுரையீரல் முன்னாடியே போயிடுச்சும்மா. கல்தூசி. நான் குடுக்கிற காத்தை வாங்கிக்க அதுல இடம் இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

கண்டக்டரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவருடைய மனைவி போகிற போக்கில் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அவள் மேல் கோபப்பட முடியுமா? டாக்டர் மேல்தான் முடியுமா, மூன்று நாளாகத் தூங்காத முகம் அது. எனக்குக் கோபம் வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அப்படியே விழுங்கினேன். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். அந்த வராந்தாவில் அண்ணனின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணனுக்கு பெஞ்சில் இடம் கொடுத்து மூக்கில் ஒரு மெல்லிய குழாயைச் செருகினார்கள். அண்ணி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கிளிப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அந்தக் கிளிப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள் அண்ணி என்று நான் கெஞ்சினேன், கேட்கவில்லை. மறுநாள் மதியம் கிளிப்பில் எண் வரவே இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று அண்ணி அதைத் தட்டிப் பார்த்தார். நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அந்தக் கண்டக்டர் பிழைத்தாரா என்று இன்றுவரை தெரியாது. பிழைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் என்னால் தாங்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நாற்பதைத் தாண்டியும் நான் அவருக்குப் பாப்பாதான்.

"பாப்பா, தொண்ணூத்தெட்டுன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்கல்ல?"

அடுப்பைப் பார்க்கப் போகிறவள் மாதிரி எழுந்து போய்விட்டேன்.

அண்ணி ஒரு வாரம்கூட வீட்டில் உட்காரவில்லை. மறுபடியும் கிளிப்போடு கிளம்பிவிட்டார். ஆனால் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாடம் நடந்தது. ஆஸ்பத்திரியில் எப்பவும் எவ்வளவு என்று கேட்டால் தொண்ணூற்றெட்டு என்று சொல்லுங்கள். கிரஷர் என்று சொல்லாதீர்கள், மளிகைக் கடையில் வேலை என்று சொல்லுங்கள். கிழவர்கள்கூட வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். ஒரு ஊரே பொய்யை மனப்பாடம் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். பொய் சொல்லவே தெரியாத அண்ணிதான் அதற்கு வாத்தியார்.

அடுத்து விழுந்தது டிராக்டர்க்காரர் மனைவி. ஜல்லி சலிக்கிறவள். அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, துணி எடுக்க வந்தவர் நேராக எங்கள் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். அண்ணி தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

"எல்லாம் நீ சொன்ன மாதிரிதான் மனசுல வெச்சிருந்தேன் தங்கச்சி. ஆனா அவங்க எவ்வளவுன்னே கேக்கல. எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னேன். அவ்வளவுதான். வராந்தாவுல போட்டுட்டாங்க."

வெளியே கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குடிக்காத தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு அண்ணி சொன்னார், சரி, இனிமேல் வேறு ஏதாவது ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். எந்த ஊரைச் சொல்வது என்று டிராக்டர்க்காரர் கேட்டார். அண்ணி பக்கத்து ஊரைச் சொன்னார், அங்கேயும் கிரஷர். அதற்கு அடுத்த ஊரிலும் கிரஷர். என் அம்மா பிறந்த ஊரை நான் சொன்னேன், அங்கேயும் போன வருஷம் வெடி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார் அவர். மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். நல்ல மூச்சு இருக்கிற ஊர் என்று சொல்ல எங்களுக்கு ஒரு ஊரும் தெரிந்திருக்கவில்லை.