பெயர் மாறிய சுவிட்ச்

விளாங்குடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் பெயர் வைக்கும் உரிமை முதலாளிக்குத்தான். நாங்கள் அவரை அண்ணே என்போம். அவர் சொந்தபந்தத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் பெயர் வைப்பார். குலசாமி பெயர் ரேஷன் கார்டுக்கு, இன்னொன்று கூப்பிட. கூப்பிடும் பெயர் எத்தனை தடவை மாறினாலும் கார்டில் இருப்பது அசையாது.

கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவுத் தளம் செய்துகொண்டிருந்தோம். ஒருவர் எடுத்த தேதியை அடுத்தவருக்குக் காட்டாத புதுப் பக்கம் ஒன்று எழுதினேன். திருமங்கலத்தில் ஒரேயொரு மண்டபத்துக்கு மட்டும் அதைத் திறந்துவிட ஒரு சுவிட்ச். நிரலில் அது ஒரு கிளாஸ், அதாவது தனிப் பெயர் வைத்த ஒரு நிரல் துண்டு. ‘புதுப்பக்கம்’ என்று பெயர் வைத்திருந்தேன். யாருக்குத் திறந்திருக்கிறோம் என்பதை தளம் கட்ட நாங்கள் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க் என்ற ஆயத்த மென்பொருள் அந்தக் கிளாஸின் பெயரில்தான் குறித்துவைக்கும். மாறாத பெயர் வேண்டுமென்றால் உள்ளே தனியாக ஒரு வரி எழுத வேண்டும். எங்கள் அலுவலகத்தில் யாரும் எழுதியதில்லை. அந்தப் பக்கத்தில் முதல் தேதியை எடுத்தது நான்தான், தங்கை கல்யாணத்துக்கு. பெருமை தாங்கவில்லை.

“என்ன மாப்ள, இதெல்லாம் ஒரு பேரா?” என்று அண்ணே அதை ‘மங்களமுகூர்த்தம்’ ஆக்கினார். ஃப்ரேம்வொர்க்குக்கு அது அன்றைக்குத்தான் பிறந்த பிள்ளை. பழைய குறிப்பு எதுவும் அதைச் சேராது. திருமங்கலத்தில் பழைய பக்கம் திரும்ப வந்து உட்கார்ந்தது. புதுப் பக்கத்தில் பதிந்த என் தங்கையின் தேதி அதன் கண்ணில் படவில்லை. அதே முகூர்த்தத்தை இன்னொரு வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

மண்டபக்காரர் போன் செய்தார். விவரம் சொன்னேன்.

“பேர மாத்துனா ஆளையே மறந்துருமா தம்பி ஒங்க மிஷினு?”

“அந்தப் பார்ட்டிய வேற தேதிக்கு மாத்த முடியாதாங்க?”

“எம் மச்சினன் வீடு தம்பி. நான் எம்புட்டுத்தான் பேசுவேன்?”

பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அலுவலகம் என்றும் பார்க்காமல் அழுதேன். அண்ணே ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அந்த ஒரு வரியை எழுதச் சொன்னார். “ரேஷன் கார்டு பேரு மாதிரி மாப்ள, அது மாறவே மாறாது” என்று எனக்கே விளக்கம் வேறு.

கல்யாணம் வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில், தெருவை மறித்துப் போட்ட பந்தலில் நடந்தது. பத்திரிகையை நம்பித் திருமங்கலம் வரை போய்த் திரும்பிய சொந்தங்கள் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள். தாலி கட்டியதை அவர்கள் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் தங்கை அவர்களை ஒவ்வொருவராகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

கடைசியில் அண்ணே மேடையேறி வாழ்த்தினார்.

“மொதப் புள்ளைக்கு நாந்தான் பேரு வைப்பேன் தாயி.”

“வைங்கண்ணே” என்றாள் தங்கை. “வச்ச பெறகு மாத்திராதீங்க. பெத்தவளையே மறந்துறப் போகுது.”