இரண்டு இலை, ஒரு கல்

எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் சாப்பாட்டுக்கு இடமில்லை. கொறடு, அரம், பூதக்கண்ணாடி, வெள்ளிக் கம்பிச் சுருள்... நடுவில் ஊறுகாய் பாட்டில். மோதிரம் செய்யப் பழகுகிறேன் என்று இங்கே ஏற்கனவே பீற்றிக்கொண்டிருக்கிறேனே — அந்தக் கூத்துதான்!

"ஏனம்மணி, இன்னைக்காச்சும் சோத்துக்கு எடம் உடுவியா?" என்றார் கணவர்.

"செத்த பொறுங்க. மகேஸ்வரி மோதரம் முடியட்டும்."

அவரைப் பொறுக்கச் சொன்னேனே தவிர, எனக்குத்தான் பொறுமை என்பதே கிடையாது.

மகேஸ்வரி மூணாறு பக்கம் சின்னக்கானலில் ஒரு ரெசார்ட்டில் சமையல் செய்பவள். அங்கே தங்கப் போனபோது சிநேகமானோம். அவளுடைய அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர், இப்போது இல்லை. அம்மாவின் கம்மலில் மிஞ்சியது ஒரே ஒரு சிவப்புக் கல். "மோதரமா பண்ணிக் குடுங்கக்கா. அம்மா கையப் புடிச்ச மாதிரி இருக்கும்" என்று என்னிடம் தந்திருந்தாள். கல்லுக்குள் முடி போல ஒரு கீறல். கொஞ்சம் அழுத்தினாலும் இரண்டாகிவிடும்.

கல்லை வாங்கியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாமரை வரைந்தேன். மயில் வரைந்தேன். இரண்டையும் அடித்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். திடீரென்று பொறி தட்டியது — தேயிலை! இரண்டு இலை, நடுவே கொழுந்துக்குப் பதிலாக அம்மாவின் கல். இலைகளிலிருந்து நான்கு மெல்லிய வெள்ளிக் கால்கள் எழுந்து கல்லைக் கவ்விக்கொள்ளும். எனக்கு நானே கை தட்டிக்கொள்ளாத குறை.

செய்து முடித்ததும் கூரியரில் அனுப்பினேனா? நானாவது! வழியில் ஏதாவது திருத்தத் தோன்றினால் என்ன செய்வது என்று கொறடுகளையும் பையில் போட்டுக்கொண்டு, எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறி மாறிப் போய், கடைசியில் ஜீப்பில் குலுங்கி இறங்கினேன்.

மகேஸ்வரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மோதிரத்தைப் போட்டாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான்க்கா இருக்கு."

புடவைக்கடையில் நாம் சொல்லிவிட்டு எழுந்து வருவோமே... அதே 'நல்லாத்தான் இருக்கு'!

"ஏன் மகேசு, புடிக்கலையா? சொல்லு."

"எங்க ரெசார்ட்டு கப்புல இந்த எல. செவுத்துல இந்த எல. சோப்புலகூட இதாங்க்கா." மோதிரத்தை விரலில் திருப்பினாள். "எங்கம்மா காலம்பூரா தேயிலைக்குள்ளயே நின்னுச்சு. அதோட கல்லையும் அதுக்குள்ளயேதான் நிக்க வைக்கணுமா?"

என் போனில் வால்பேப்பரே மூணாறு தேயிலைத் தோட்டம்தான். நமக்கு வால்பேப்பர், அவள் அம்மாவுக்கு முதுகுவலி. இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

"கழட்டிரலாம் மகேசு. ஊட்டுக்குப் போயி நிதானமா..."

"வேணாம்க்கா. என் கண்ணு முன்னாடியே கழட்டுங்க. ஒடைஞ்சாலும் நானும் பாத்துர்றேன்."

சமையல் மேடையில் துண்டை விரித்தோம். அவள் போனில் டார்ச் அடித்தாள். கல்லின் மேல் நான் மடக்கி வைத்த கால்களை இப்போது ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். நிதானத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஒன்று... இரண்டு... மூன்றாவதில் — 'டிக்'!

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். 'போச்சு, அவங்க அம்மாவை உடைச்சுட்டேன்' என்றுதான் நினைத்தேன்.

"அக்கா... பாருங்க."

கல் முழுசாக அவள் உள்ளங்கையில் இருந்தது. ஒடிந்தது என் வெள்ளி இலை.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இலையும் வேண்டாம் பூவும் வேண்டாம், கல்லைச் சுற்றி வெறும் வளையம் போதும் என்று சொல்லி, அந்தக் கல்லை மறுபடி என்னிடமே தந்தாள். அந்த நம்பிக்கைதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜீப்பில் ஏறும்போது பின்னாலேயே ஓடி வந்தாள். கையில் அந்த ஒடிந்த துண்டு.

"உங்க எலைய விட்டுட்டீங்களேக்கா. கொண்டு போயிருங்க... இங்க ஏற்கனவே நெறையக் கெடக்கு!"