கடைசிப் பிரிவுக்கு நான் வைத்த தலைப்பு

எங்கள் பஜாரில் ஒரு கடையை இடித்தால், மூன்றாம் மாதமே அங்கே முன்பு என்ன இருந்தது என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. பழைய உப்பு மண்டி இருந்த இடத்தில் இப்போது போன் கடை. அங்கே நிற்கும் பிள்ளையிடம் கேட்டால், எப்போதும் போன் கடைதான் என்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். முப்பது வருடம் வகுப்பறையில் கத்தியவள். அன்றே எல்லாவற்றையும் எழுதிவைக்க, கெட்டி அட்டை போட்ட பெரிய சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன்.

ஒரு வருடம் கடை கடையாக ஏறி இறங்கினேன். எந்த வியாபாரத்தை யார் தொடங்கினார், யாருக்கு யார் மருமகன், எந்தக் கடை யாருக்குச் சீதனமாகப் போனது, எல்லாம் எழுதினேன். பள்ளிக்கூட நூலகத்துக்குப் புத்தகமாக்கிக் கொடுப்பது என் எண்ணம்.

என் வாப்பாவின் பலசரக்குக் கடையை இப்போது தம்பி நடத்துகிறான். அதற்கு அடுத்தது தையல்கடை. அதை நடத்துகிறவர் தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களையெல்லாம் விரட்டியபோது, மன்னாரிலிருந்து குடும்பத்தோடு படகில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர். என்னைத் தூரத்தில் கண்டாலே மெஷினை நிறுத்திவிட்டு முதலில் சலாம் சொல்வார். அந்தப் படகுப் பயணத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காத மனிதர், எனக்காக மூன்று நாள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சொன்னார். கடைசி நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க டீச்சர். நாங்களும் இந்த ஊர்ல இருந்தம் எண்டு இருக்கட்டும்" என்றார்.

கொப்பி நிறைந்ததும் டைப் செய்ய அவருடைய மகளிடமே கொடுத்தேன். சந்தியில் போட்டோ கொப்பி, டைப்பிங் எல்லாம் செய்கிற கடை வைத்திருக்கிறாள். என் மாணவி, ஓர் எழுத்துப் பிழை விடமாட்டாள். அந்தப் பெருமையோடு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது. கொப்பியின் முதல் பிரிவு, 'ஊர்க் குடும்பங்களின் கடைகள்'. கடைசிப் பிரிவு, 'அகதிகளின் கடைகள்'. சிவப்புப் பேனையால் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. எங்கள் வீடுகளில் வாயில் வருகிற சொல் அதுதான். ஆனால் அவர்கள் காதுபட யாரும் சொல்வதில்லை. அப்படியென்றால் அது எப்படிப்பட்ட சொல் என்று எங்களுக்குத் தெரியாமலா இருந்தது?

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். கடை பூட்டியிருந்தது. அவளுக்குப் போன் எடுத்தேன். வீட்டில் வைத்து டைப் செய்கிறாளாம். ஒரு திருத்தம் இருக்கிறது, கொப்பியைத் திருப்பித் தா என்றேன். முடித்துவிட்டுத் தானே கொண்டுவருவதாகச் சொன்னாள். அவளுடைய வீடென்றால் அவருடைய வீடு. கொப்பி அவருடைய மேசையில் கிடக்கிறது.

தவளை தன் வாயால் கெடும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். பேனையால் கெட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. அவர் தன் கதையை எடுத்துவிடச் சொன்னால்? அவரைப் போல வந்த மற்றக் குடும்பங்களும் அப்படியே சொன்னால்? புத்தகம் போனாலும் போகட்டும், அந்த மனிதரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் பயந்தேன். பஜாருக்குப் போக வேண்டிய வேலைக்கும் போகவில்லை.

சனிக்கிழமை காலை அவருடைய மகள் வந்தாள். கதிரையில் உட்காராமல் தாள்களை நீட்டினாள். புரட்டினேன். கடைசிப் பிரிவில் தலைப்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"உங்கட பாட்டன் காயல்பட்டினத்தில இருந்து கடல் தாண்டி வியாபாரத்துக்கு வந்தார் எண்டு எழுதியிருக்கிறீங்க டீச்சர். அவர் முதல் பிரிவில. என்ட வாப்பா கடைசிப் பிரிவில. நான் இங்கதான் பிறந்தன், உங்களிட்டத்தான் படிச்சன். நாளைக்கு என்ட கடையையும் எழுதினா எதில போடுவீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரல்.

"வாப்பா வாசிச்சாரா மகள்?"

"ஓம். ரெண்டு தரம்."

"என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லல்ல. தைக்கப் போயிட்டார்."

அன்றே அவளை உட்காரவைத்து இரண்டு தலைப்புகளையும் எடுத்துவிட்டேன். பஸ் தரிப்பிடத்திலிருந்து பள்ளிவாசல் வரை, நடந்து போனால் எப்படி வருமோ அந்த வரிசையில் கடைகளை அடுக்கினோம். என் வாப்பாவின் கடைக்கு அடுத்த பக்கத்தில் தையல்கடை வந்தது. முதலிலேயே அப்படி எழுத எனக்கு என்ன கேடு?

பின்னேரம் தையல்கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார், தலையை நிமிர்த்தாமல். கதையை எடுக்கச் சொல்லவில்லை. புத்தகம் இப்போது நூலகத்தில் இருக்கிறது. நல்ல வேலை என்று ஊரே சொல்கிறது.

தம்பியின் கடைக்குப் போகும்போதெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். சலாம் சொன்னால் பதில் சொல்கிறார், மரியாதையாகவே சொல்கிறார். முதலில் சொல்கிறவள் இப்போது நான்.