கூரையில் மினுங்கிய கண்ணாடி

மாமனார் கச்சி முகம்மது கோடரி தீட்டத் தொடங்கினால் முனாப்புக்குச் சோறு இறங்காது. கிணற்றடிக் கல்லில் தண்ணீர் தெளித்து அவர் இரும்பை இழுக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். விடிந்ததும் சைக்கிள் கரியரில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, வயல்வட்டைகளைக் கடந்து, மேற்கே காட்டோரத்துக்கு விறகு வெட்டப் போகிறார் என்பதே அந்தச் சத்தத்தின் பொருள்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு, ஏறாவூரில் விறகு என்றால் அப்படித்தான்: யுத்த காலம், காட்டுக்குள் ஆயுதக்காரர், வாவிக்கரையில் இராணுவம். அதற்கு முந்திய மார்கழியில் பக்கத்து ஒழுங்கை ஆதம்பாவா வண்டில் கட்டிக்கொண்டு போனார். பின்நேரம் மாடுகள் தாமாகவே வழி பிடித்து வண்டிலை இழுத்துவந்து அவர் வாசலில் நின்றன. வண்டிலில் பாதி விறகு இருந்தது. ஆதம்பாவா இல்லை.

"அவனுக்கு வண்டில். ஒரு மைலுக்கு அங்கால இரிந்தே தெரியும்" என்பார் கச்சி முகம்மது. "நான் சைக்கிள்காரன். பத்தையோட பத்தையாப் பொயித்து வந்திருவன்."

"பத்தைக்குள்ள இரிக்கிறவனுக்குச் சைக்கிள் தெரியாதா மாமா?"

"தெரிஞ்சா என்ன? கிழட்டு ஆட்ட அறுத்து என்ன இறைச்சி காணப்போறான்?"

மாமனார் சிரிப்பார். முனாப்புக்குச் சிரிப்பு வராது. அவனுடைய மனைவி றஸீனா அப்போது ஏழு மாதம். பிள்ளை பிறந்தால் நாற்பது நாள், நாளுக்கு இரண்டு கிடாரம் தண்ணீர், நொச்சியும் பாவட்டையும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்து அவளுக்கு வார்க்க வேண்டும். வளவுத் தென்னையின் தேங்காய்ப் பொச்சும் சிரட்டையும் சோறு கறிக்கே காணாது. மண்ணெண்ணெய் பங்கீட்டு அட்டைக்கு அளந்துதான் கிடைக்கும். மின்சாரம் வந்தால் அதிசயம். கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது மாமனார் காட்டுக்குப் போக வேண்டும்.

தண்ணீரைக் குறைப்பது பற்றி அந்த வீட்டில் வாய் திறக்க முடியாது. மூத்தவள் றமீஸா பிறந்தபோது ஊரே பள்ளிக்கூடங்களில் அகதியாகக் கிடந்தது. ஒன்பதாம் நாளோடு சுடுதண்ணீர் நின்றது. அன்றிலிருந்து றஸீனாவுக்கு இடுப்பு நோவு. குனிந்து முற்றம் கூட்டினால் நிமிர அரைமணி நேரமாகும். அந்த நாட்களில் முனாப் குவைத்தில் இருந்தான். அங்கும் சண்டை வந்து அவன் ஒரு பையோடும் பைப் முடுக்கும் குறடோடும் திரும்பியபோது, யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பான்.

அவன் பெரிய கெட்டிக்காரன் அல்ல. எட்டு வருடம் அந்நிய வீடுகளில் தண்ணீர்க் குழாய் பூட்டியவன். ஒரு விசயத்தைப் பிடித்தால் விடாதவன். அது பல நேரம் குணம், சில நேரம் தொல்லை. குவைத்தில் ஒரு பணக்கார வீட்டுக் கூரையில் கறுப்புக் குழாய்களை வளைத்து வளைத்துப் பெட்டிக்குள் அடக்கி, மேலே கண்ணாடி மூடி, வெய்யிலில் தண்ணீர் சுடவைக்கும் சாமான் ஒன்றைப் பூட்ட அவன் உதவியிருந்தான். நெருப்பில்லை, கரண்ட் இல்லை. கோடரி தீட்டும் சத்தத்தை ஒரு மாலை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெட்டி அவன் நினைவுக்கு வந்தது.

ஆனால் கூரை அவனுடையதல்ல. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் பெண்வீட்டில் இருப்பவன். ஓட்டில் கைவைக்க மாமி கைறுன்னிஸாவின் சம்மதம் வேண்டும். மாமி ஆறு வருடமாக அவனோடு நேரே பேசியதில்லை, மரியாதை அப்படி. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வாள், அவனுக்குக் கேட்கிற மாதிரி.

"நெருப்புக் காணாத தண்ணிய மனிசர் பிள்ளப் பெத்தவளுக்கு வார்ப்பாங்களா? கேளுகா அவருட்ட."

"நெருப்பும் காட்டுவம் மாமி" என்றான் முனாப் கதவைப் பார்த்து. "வெய்யில் முக்கால்வாசி சுடவைக்கட்டும். மிச்சக் கொஞ்சத்துக்கு இலையப் போட்டுப் பொச்சால எரிப்பம். அதுக்கு வளவில இரிக்கிற பொச்சுப் போதும். மாமா காட்டுக்குப் போகத் தேவையில்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"ஓடு ஒண்டு உடைஞ்சாலும் அவர்தான் வாங்கித் தரணும் எண்டு சொல்லு."

இடிந்த அரிசி ஆலையில் பழைய குழாய் கிடைத்தது. எரிந்த துணிக்கடை ஒன்றில் துணி காட்சிக்கு வைக்கும் அலுமாரிக் கண்ணாடி, ஒரு மூலை மட்டும் உடைந்தது, கிடைத்தது. குழாய்க்கு விளக்குக் கரியும் வஜ்ஜிரப் பசையும் குழைத்துப் பூசினான். கூரையின் கிழக்குச் சரிவில் பெட்டியைப் படுக்கவைத்து, அதற்கு மேலே தென்னங்குற்றிகளில் தண்ணீர்ப் பீப்பா ஒன்றை ஏற்றி, வைக்கோலும் சாக்கும் சுற்றினான். காலையில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினால் பின்நேர அஸர் தொழுகைக்கு முன்னம் கையை வைக்க முடியாத சூடு. மாமி முழங்கையை நனைத்துப் பார்த்தாள். சைக்கிள் சுவரில் சாய்ந்தபடி நின்றது.

பங்குனியில் ஆண்பிள்ளை பிறந்தது. பன்னிரண்டு நாள் குறையில்லாமல் தண்ணீர் வார்த்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் பின்நேரம் ஆறு இராணுவத்தினர் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூப்பிடவில்லை, கேட்கவில்லை. முனாப்பை முற்றத்தில் முழந்தாளிடவைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோர்க்கச் சொன்னார்கள். இரண்டு பேர் கூரையில் ஏறினார்கள். ஓடுகள் நெரிந்தன. பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் முனைக்கு நேரே ஒருவன் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அறைக்குள் பிள்ளை அழுதது. வாசலை அடைத்துக்கொண்டு கைறுன்னிஸா நின்றாள். தலையில் முக்காடு சரியாக இருந்தது.

அவர்களுடைய அதிகாரி வயது குறைந்தவன். தினமும் மூன்றரை மணிக்கு இந்தக் கூரையிலிருந்து வெளிச்சம் அடிக்கிறது, வாவிக்கரைக் காவற்கோபுரத்தில் நிற்பவனின் கண்ணைக் குத்துகிறது, வாவிக்கு அந்தப் பக்கம் யாருக்குக் காட்டுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.

முனாப்புக்கு அப்போதுதான் விளங்கியது. வெய்யில் நன்றாக இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் தேசிக்காய்ப் புளியும் பழைய பேப்பரும் போட்டு அந்தக் கண்ணாடியைப் பளிங்காகத் துடைத்துவந்தான். வெளிச்சம் உள்ளே வருவதை மட்டும் நினைத்தவன், அது வெளியே போவதை நினைக்கவில்லை. தன் வீட்டுக்கு வெளியே கண்கள் இருக்கின்றன என்பதைச் சமாதான காலத்து மனிதன் மறந்துவிடலாம். இவன் மறந்திருக்கக் கூடாது.

"உணு வத்துற மாத்தயா, உணு வத்துற" என்றான். குவைத்தில் கூட வேலை செய்தவர்களிடம் பொறுக்கிய சிங்களத்தில் சுடுதண்ணீர், பிள்ளை, மனைவி என்று மூன்று சொல்லையும் மாற்றி மாற்றிச் சொன்னான்.

ஒருவன் குழாயைத் திறந்து கையை நீட்டினான். "அம்மே!" என்று கத்திக்கொண்டு உதறினான். மற்றவன் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. தண்ணீர் சுடுகிறது என்பதால் வெளிச்சம் யாருக்கும் காட்டப்படவில்லை என்று ஆகிவிடாது என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் முனாப்பைக் கூடுதலாகப் பயப்படுத்தியது.

கண்ணாடியைக் கழற்று என்றான் அதிகாரி. இனி மூன்றரைக்கு இங்கிருந்து வெளிச்சம் தெரிந்தால் கேட்க யாரும் வரமாட்டார்கள், கோபுரத்திலிருந்தே சுடுவார்கள்.

கண்ணாடி இல்லாத பெட்டி அடுத்த நாள் வெதுவெதுப்புத்தான் தந்தது. மாமி முழங்கையை எடுத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். வளவில் இருந்த பொச்சு முழுவதும் அன்றைய தண்ணீருக்கே போனது. கச்சி முகம்மது கிணற்றடிக்குப் போய்க் கோடரியை எடுத்தார்.

"மாமா, ஒரு நாள் தாங்க. நாளைக்கு அஸர் மட்டும்."

"நாளைக்கு வெய்யில் கண்ணாடி இல்லாம வேல செய்யுமா மருமகன்?"

"கண்ணாடி இரிக்கும்."

"கண்ணாடி இரிந்தா நாங்க இரிக்கமாட்டம்."

இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கோடரியைச் சுவரில் சாத்தினார். "நாளை அஸர் வரைக்கும்தான். அதுக்குப் பொறகு என்னத் தடுக்காதீங்க."

குவைத்தில் குளியலறை ஜன்னல்களுக்குப் போடும் வெள்ளைக் கண்ணாடி முனாப்புக்குத் தெரியும்: வெளிச்சம் வரும், முகம் தெரியாது. ஊரில் அதற்கு எங்கே போவது? விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வாவி மணலை மெல்லிய சீலையில் அரித்தான். கண்ணாடியை முற்றத்தில் பாயில் கிடத்தி, ஈரமணல் தூவி, உடைந்த மூலைத் துண்டால் வட்டம் வட்டமாகத் தேய்த்தான். பல்லைக் கூசவைக்கும் சத்தம். அரிசிமாப் போல் ஒரு வெண்மை மெல்லப் பரவியது. விரல் நுனி கிழிந்து மணல் சிவந்தது.

"தினமும் துடைச்சுப் பளபளப்பாக்கினவர் இப்ப மணலப் போட்டு அழிக்கிறாரே" என்றாள் கைறுன்னிஸா கதவுக்குப் பின்னால். "பிள்ள பெத்தது நீயா அவரா? யாருக்குகா மண்டையில காத்து ஏறினது?"

"உம்மா, சும்மா இரிங்க" என்றாள் றஸீனா படுக்கையிலிருந்து.

நடுப்பகல் ளுஹர் ஆகும்போது முழுக் கண்ணாடியும் மூட்டமாகிவிட்டது. கையைப் பின்னால் பிடித்தால் நிழல் மட்டும் தெரிந்தது. ஆனால் கூரையின் சரிவில், மூன்றரைச் சூரியனுக்கு, கோபுரத்திலிருப்பவனுக்கு அது எப்படித் தெரியும் என்பதைக் கூரையில் வைத்துத்தான் அறிய வேண்டும்.

"பிள்ளையையும் அவளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்க மாமி" என்றான்.

"நாப்பது முடியாம வாசல் தாண்டுறதா?" கதவுக்குப் பின்னாலிருந்து மகளைக் கேட்டாள் மாமி. "முந்தி ஒருக்காத் தாண்டினது காணாதா?"

றஸீனா பிள்ளையோடு உள்ளறையின் மேற்குச் சுவரோடு ஒதுங்கிக்கொண்டாள். மாமி அவளுக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்தாள். மூத்தவளை மட்டும் அடுத்த வீட்டில் விட்டார்கள். கச்சி முகம்மது ஒழுங்கை முடிவில் கோபுரத்தின் பக்கமாக உள்ள மதகில் போய் நின்றார். அங்கிருந்து கூரை தெரியும். கண்ணைக் குத்தினால் சத்தம் வைக்க வேண்டியது. முனாப் ஈரச் சாக்கொன்றைக் கையில் பிடித்தபடி கூரையில் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினான். மாமனார் கத்தினால் மூட வேண்டும். கத்தலுக்கு முந்தித் துப்பாக்கிச் சூடு வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மூன்றேகால். ஓடு பாதத்தைச் சுட்டது. கோபுரத்தில் ஒருவன் இந்தப் பக்கம் திரும்பினான். மூன்று இருபத்தைந்து. அவன் தூரக்கண்ணாடியை உயர்த்தினான். துப்பாக்கி மணல்மூட்டையின் மேல் கிடந்தது. குழல் எந்தப் பக்கம் என்று இங்கிருந்து தெரியவில்லை. முனாப் மாமனாரைப் பார்க்கவில்லை, கோபுரத்தை மட்டும் பார்த்தான். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி ஓட்டில் விழுந்தவுடன் காய்ந்தது. கீழே பிள்ளை ஒரு தடவை அழுது நிறுத்தியது.

மூன்றரை கடந்ததை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கோபுரத்திலிருந்தவன் தூரக்கண்ணாடியை இறக்கினான். சிகரட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு வாவிப் பக்கம் திரும்பினான். அனுமதி என்று யாரும் எழுதித் தரவில்லை. சுடாததுதான் அனுமதி.

கச்சி முகம்மது ஒழுங்கையால் மெதுவாக நடந்து வந்தார்.

"என்ன மாமா தெரிஞ்சிச்சு?"

"பாற்சோத்துத் தட்டு மாதிரி ஒண்டு. கண்ணக் குத்தல்ல." ஏணியைப் பிடித்துக்கொண்டார். "கீழ இறங்குங்க."

மாமி குழாயைத் திறந்து முழங்கையை நனைத்தாள். இலைகளும் கிடாரமும் காத்திருந்தன. பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு கூடைப் பொச்சு அடுப்படியில் கிடந்தது. நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு கதவுக்குப் பின்னால் போகாமல், அவனை நேரே பார்த்தாள்.

"முந்தின அளவு சூடில்ல மருமகன்."

முனாப் தலை குனிந்தான்.

"போதும்" என்றாள். "இந்தப் பொச்சில கொதிச்சிரும்."

அஸர் தொழுதுவிட்டு வந்த கச்சி முகம்மது சைக்கிளடியில் குந்தி, கரியரில் சுற்றியிருந்த விறகுக்கயிற்றை முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார். பழைய கயிறு, இறுகிப்போன முடிச்சொன்றைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. அவிழ்த்த கயிற்றை ஏணியடிக்குக் கொண்டுவந்து மருமகனிடம் நீட்டினார்.

"அவனுகள் ஏறி மிதிச்சதில பெட்டி ஆடுது. சரிவு மாறினா வெளிச்சமும் மாறும். இதால இறுக்கிக் கட்டுங்க."

உள்ளே றஸீனாவின் முதுகில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இன்னும் இருபத்தைந்து நாள். முனாப் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான். கடைசிப் படியில் நின்று, முதலில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கட்டத் தொடங்கினான்.